பக்கத்துக் காம்பரா பிரிட்ஜில் என் ஊசி

என் உடம்பில் இரத்தம் குறைந்துபோனதை முதலில் காட்டிக் கொடுத்தது கொழுந்துத் தராசுதான். ஹல்துமுல்லைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும். அப்படிப்பட்ட எனக்கு அந்த வருடம் அரைப் பேர் விழ ஆரம்பித்தது. எடுக்க வேண்டிய அளவுக்குக் கொழுந்து வராவிட்டால் பாதி நாள் சம்பளம்தான். அதைத்தான் அரைப் பேர் என்போம். தராசு பழுது என்று கங்காணியோடு சண்டை போட்டேன். அவரும் பாவம், தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அடுத்து, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்திலிருந்து பெரட்டுக்கு ஏறுகிற படிகள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற இடத்துக்கு அந்தப் படிகளில்தான் போக வேண்டும். பாதியில் மூச்சு முட்டும். நின்றால் ‘என்ன ஆச்சு’ என்று நாலு பேர் கேட்பார்கள் என்பதால் திரும்பி நின்று காட்சி பார்ப்பேன். கீழே முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்போதும் பார்ப்பேன். அப்படி என்னதான் தெரியுது என்று ஒருத்தி கேட்டதற்கு, தூரத்து வெல்லவாய டவுன் தெரிகிறது என்று சொல்லி வைத்தேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “என்னா, வெள்ளைக்காரி ஆகிட்ட?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண் இமையையும் இழுத்துப் பார்த்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து பதுளைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி வியாதியும் பிரஷரும் சேர்ந்து என் கிட்னியைப் பல வருடமாகத் தின்றிருக்கின்றன என்றார் டொக்டர். கிட்னி கெட்டால் இரத்தம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டேன். என் வாய் எங்கே போனாலும் சும்மா இருக்காது. அவர் கோபிக்காமல் சொன்னார்.

“உங்க கிட்னி அழுக்கை வடிக்கிறது மட்டும் இல்லம்மா. எலும்புக்குள்ள இரத்தத்தை ஊற வைக்கச் சொல்லித் தகவல் அனுப்புறதும் அதுதான். இப்ப தகவல் அனுப்ப அதுக்குத் தெம்பு இல்ல. நாங்க தர்ற இந்த ஊசி அந்தத் தகவலைக் கொண்டுபோகும்.”

அது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலையில் சங்கு ஊதாவிட்டால் எங்களில் யார் மலைக்குப் போவோம்? சங்கு ஊதுகிற வேலைதான் இந்த ஊசிக்கு.

விளங்கியதோடு விட்டிருந்தால் நிம்மதி. அடுத்த கிளினிக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். அதற்குள் பூனாகலையில் இருக்கிற என் தம்பி தன்னுடைய கிட்னியில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். அதற்கான சோதனைகள் தொடங்கியிருந்தன. “இரத்தம் ரொம்ப இறங்கிட்டா வெளி இரத்தம் ஏத்தித்தான் ஆகணும். அப்படி ஏத்தினா, அடுத்தவங்க உடம்பிலேருந்து வர்றதை எதிர்க்க உங்க உடம்பு பழகிக்கலாம். அப்புறம் தம்பி கொடுக்கிறதையும் அது வேணாம்னு தள்ளலாம். அதனால முடிஞ்ச வரைக்கும் உங்க இரத்தம் உங்களுக்குள்ளேயே ஊறணும்.” இந்த ஊசி வேலை செய்யாவிட்டால் தம்பியின் மனசும் வீண், என் பிழைப்பும் வீண் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊசி போடக் கற்றுக் கொடுத்தது கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ். சிங்களப் பிள்ளை. எங்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்தவர் என்பதால் எங்கள் தோட்டத்துப் பேச்சுதான் அவருக்கு வரும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். வாரத்துக்கு ஒரு தரம்தான். போடுவதற்கு முன்னால் டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்துவிட வேண்டும். கூடியிருந்தால் போடாமல் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்க வேண்டும். கையைக் கழுவி, தோலைத் துடைத்து, காய்ந்த பிறகு போட வேண்டும். போன வாரம் குத்திய இடத்தில் இந்த வாரம் குத்தக் கூடாது. ஒரு ஊசி ஒரு தரத்துக்குத்தான்; மிச்சம் பிடிக்கிற பேச்சே கிடையாது. போட்ட ஊசியைக் குப்பையில் எறியாமல், தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக மூடிக் கிளினிக்குக்கே கொண்டுவர வேண்டும்.

“குலுக்கவும் வேணாம் அக்கா” என்றார் கடைசியில்.

“எங்க தோட்டத்து ரோட்டைப் பாத்திருக்கீங்களா மிஸ்?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “பஸ் ஆடுறதுக்கு ஒண்ணும் ஆகாது. இருமல் மருந்துப் பாணியைக் குலுக்குற மாதிரி கையில வச்சுக் குலுக்காதீங்க, அவ்வளவுதான். போட முன்னாடி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும். கலங்கியிருந்தா, தூசு மிதந்தா வச்சிருங்க, போடாதீங்க. பிரிட்ஜ்ல நடுத் தட்டுல வைங்க. மேல ஐஸ் பெட்டில வச்சு உறைஞ்சுபோனா அது மருந்தே இல்ல, மறுபடி உருகினாலும் எடுக்க வேணாம். வீட்டுல பிரிட்ஜ் இருக்குதானே?”

இருக்கிறது என்று தலையாட்டினேன். பொய் இல்லை. பிரிட்ஜ் இருந்தது. என் வீட்டில் இல்லை, லயத்தில் ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டில், பக்கத்துக் காம்பராவில், இருந்தது. அந்தக் காம்பராவோடு எனக்குப் பல வருடமாகப் பேச்சு இல்லை.

மருந்துப் பெட்டியைப் பதுளையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பண்டாரவளையில் பஸ் மாறும்போது கண்டக்டர், “பையை மேல வைங்க அம்மா” என்றான். உன்னைத் தூக்கி மேலே வைப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் எனக்கும் வந்தது கோழிச் சண்டை. லயத்துக்குப் பின்னால் நான் போட்டிருந்த போஞ்சிக் காய்ப் பாத்தியைக் கோழி கிளறிவிட்டது. நான் ஒரு வார்த்தை விட்டேன். அவர் இரண்டு வார்த்தை விட்டார். அதற்குப் பிறகு லயமே வேடிக்கை பார்க்கிற அளவுக்கு இருவரும் விட்டோம். அன்றோடு பேச்சு நின்றது. பேச்சுதான் நின்றதே தவிர, நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அவர் இருமினால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்ன கறி என்று அவருக்குத் தெரியும். அவருடைய மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் படுத்திருப்பேன். அந்தச் சத்தத்தையும் திட்டியிருக்கிறேன்.

கேட்கப் போனது என் வீட்டுக்காரர். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் மிஸ் சொன்னதை எல்லாம் ஒப்பித்தார். அக்கா பிரிட்ஜைத் திறந்து, நடுத் தட்டிலிருந்த தயிர்ச் சட்டியைக் கீழே இறக்கி, தட்டைத் துடைத்து, மூடி வைத்த ஒரு டப்பாவுக்குள் மருந்தை வைத்தாராம். அப்புறம் பிரிட்ஜ் கதவுக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாராம். வீட்டுக்காரர் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் கொடுத்த மனசை நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஊசி என்று முடிவானது. அதிலும் ஒரு சிக்கல். விளக்கு வைத்த பிறகு ஊசி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. எந்த நேரமானாலும் ஊசியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும். இது எங்கள் லயத்துச் சட்டம். தைக்கிற ஊசிக்குச் சொன்னது ஆஸ்பத்திரி ஊசிக்கும் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. அக்கா பொருந்தும் என்று முடிவு செய்துவிட்டார். வர வேண்டிய சண்டை ஏற்கெனவே வந்துவிட்டதே, இனிப் புதிதாக என்ன வரப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் விளக்கு வைப்பதற்கு முன்னால், ஒரு எவர்சில்வர் தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். தட்டைப் படியில் வைத்தார். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்துக்கொண்டேன்.

வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது எப்படி? வாசலுக்கு வந்த ஆளைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதுதான் எப்படி? எதிரியே ஆனாலும் அதெல்லாம் எங்கள் பக்கத்தில் நடக்காது. தட்டில் பால் விடாத சாயத்தண்ணி ஒரு கிளாஸையும் ஒரு கரண்டி சீனியையும் வைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து குடித்தார். நான் கதவோரம் நின்று என் கிளாஸைக் குடித்தேன். கிளினிக்கில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் அதோடு விழுங்கிக்கொண்டேன். காலையும் மாலையும் போட வேண்டிய மாத்திரை அது.

“சூடா இருக்கு” என்றார் மலையைப் பார்த்து.

“ஊதிக் குடிங்க” என்றேன் நானும் மலையைப் பார்த்து.

பல வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இவ்வளவுதான்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியின் குளிர் விட அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். அது முடிந்ததும் வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்தேன். தேயிலைச் செடிக்குள் அட்டையைப் பிடுங்கி எறிகிற கைதான், ஆனாலும் ஊசியைக் கிட்டே கொண்டுபோய்த் திரும்ப எடுத்தது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. ஊசி என்றாலே அவருக்குத் தோட்டத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அப்போதுதான் அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

“தோளை நான் புடிச்சுக்கிறேன். நீ போடு புள்ள” என்றார்.

போட்டேன். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. அவருடைய கைதான் என் தோளில் வலிக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். தட்டு வரும், தேத்தண்ணி போகும். ‘இரத்தம் ஊறுற ஊசி’ என்று பெயர் பரவியதும் மேல் லயத்திலிருந்து ஒருத்தி வந்து, தன் மகளுக்குத் தலை சுற்றுகிறது, ஒன்றைக் கொடேன் என்றாள். எங்கள் லயத்தில் சீனி, உப்பு, மிளகாய், தலைவலி மாத்திரை எதையும் இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லை. நான் பதில் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “அது இவ கிட்னிக்குக் கணக்குப் பாத்துக் கொடுத்தது. உன் மவளுக்கு எதனால தலை சுத்துதுன்னு யாருக்குத் தெரியும்? டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போ, நானும் கூட வாரேன்.” சொன்னபடி கூடப் போனார். அந்தப் பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் இரத்தம் ஏறவில்லை. கிளினிக்கில் பார்த்தபோது முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியே இருந்தது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் வார்டில் சேர்த்து இரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்றார் டொக்டர். தம்பிக்கு நான் சொல்லவில்லை. அவன் போன் எடுத்தால் மழையைப் பற்றிப் பேசினேன்.

லயத்தில் பேச்சு கிளம்பியது. பிரிட்ஜ் பழசு என்றார்கள். கரண்டு போய்ப் போய் வருகிறது, மருந்து செத்திருக்கும் என்றார்கள். கோழிச் சண்டையை மறக்காத சிலர் அதற்கு மேலும் சொன்னார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, “ரெண்டு ஊசியை ஒண்ணாப் போட்டா என்னா?” என்றார். மிஸ் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தது எதற்கு? சொன்ன அளவுக்கு மேலே ஒரு சொட்டு கிடையாது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். பக்கத்துக் காம்பராவைப் பற்றிப் பேசியவர்களின் வாயையும் அடைத்தேன். அதற்கு எனக்குப் பெரிய பாடு இல்லை.

ஆனால் சுவர் ஒற்றைச் சுவர்தானே. எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் டப்பாவோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“இத வேற எங்கயாச்சும் வச்சுக்க புள்ள. எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு மழைக்குக் கரண்டு போயி மத்தியானம் வரைக்கும் வரல. நான் கதவத் தொறக்கவே இல்ல. பிள்ளைங்க சும்மா சும்மா தொறக்குதுன்னு பையில உறைய வச்ச ஐஸ் பக்கற் விக்கிறதையும் எப்பவோ நிறுத்திட்டேன். அப்படியிருந்தும் ஏறலன்னா என் பிரிட்ஜ்தான் காரணம். உன் உயிருக்கு ஒண்ணுன்னா நான் இந்த லயத்துல எப்படி இருப்பேன்?”

ஐஸ் பக்கற் விற்பனையை நிறுத்தியது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தது எனக்காகத்தான் என்பதும் தெரியாது. அந்த நிமிடம் எனக்கு வந்ததை நன்றி என்று சொன்னால் போதாது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நாளைக்குக் கிளினிக்குக்கு நீங்களும் வாங்க. நடந்ததை அப்படியே மிஸ்கிட்ட சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு ரெண்டு பேரும் கேப்போம்” என்றேன்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அக்கா பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிற முகத்தோடு வந்தார். பதுளை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கிளினிக்கில் மிஸ் முன்னால் நின்று, தட்டிலிருந்து டப்பா வரைக்கும், கரண்டு போன மத்தியானம் வரைக்கும், குங்குமப் பொட்டு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். மிஸ் ஒரு சொல்லையும் தள்ளாமல் கேட்டார். நாங்கள் கொண்டுபோயிருந்த மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. கதவு மூடியிருந்தா அந்த நேரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க எங்க ஆஸ்பத்திரி மாதிரியே பாத்திருக்கீங்க” என்றார் அக்காவிடம். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “அப்ப உங்ககிட்ட கேக்கணும் அக்கா. இரும்பு மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?”

“ஒரு வேளை விட்டதில்ல மிஸ்.”

“எதுல போடுறீங்க?”

“இது என்னா கேள்வி? தேத்தண்ணிலதான்.”

அவர் நெற்றியில் கை வைத்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னும் சில தோட்டத்துப் பெண்கள், அதில் என்ன தப்பு என்று என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று தெரிந்தது. எங்களுக்குக் காய்ச்சலுக்கும் தேத்தண்ணி, கல்யாணத்துக்கும் தேத்தண்ணி, செத்த வீட்டுக்கும் தேத்தண்ணி. மாத்திரையைப் பச்சைத் தண்ணியில் விழுங்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாது.

மிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தேத்தண்ணிச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். ஊசி வந்து இரத்தத்தை ஊறச் சொன்னாலும், ஊற வைக்க உள்ளே இரும்பு இல்லை. இரும்பு இருப்பு எவ்வளவு என்று பார்க்க அன்றைக்கே என் இரத்தத்தை எடுத்தார்கள். அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சங்கு ஊதி எல்லோரும் மலைக்கு வந்து நிற்கிறார்கள், எடுக்கக் கொழுந்து இல்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். இரண்டு ஊசியை ஒன்றாகப் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டதையும் சொன்னேன். மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. அப்படிப் போட்டிருந்தால் பிரஷர் தலைக்கேறி, இரத்தம் எங்கேயாவது கட்டி, ஆளே விழுந்திருக்கலாம் என்றார்.

“இனி மாத்திரை வெறுந் தண்ணில. அது போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி கிடையாது. முடியுமா?”

“கஷ்டம்தான் மிஸ்” என்றேன் உள்ளபடி.

“நான் பாத்துக்கிறேன்” என்றார் அக்கா.

பஸ்ஸில் திரும்பும்போது அக்காவின் வாய் திறந்துகொண்டது. எல்ல என்ற ஊரைத் தாண்டும் வரைக்கும் சிரித்தார். நாங்கள் பறிக்கிற கொழுந்தே எங்கள் இரத்தத்தைக் குடித்திருக்கிறதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை தட்டு வந்தது. ஊசி போட்டேன். தண்ணீரில் மாத்திரையை விழுங்கினேன். இனித் தேத்தண்ணிக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. நான் குடிக்க முடியாதபோது அவருக்கு மட்டும் கொடுத்து அனுப்பலாம்தான். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “நீ பாத்துக்கிட்டு இருக்க நான் மட்டும் குடிக்கிறதா?” என்று பாயில் உட்கார்ந்துகொண்டார். முன்பெல்லாம் கிளாஸ் காலியானதும் போய்விடுவார். இப்போது கிளாஸே வரவில்லை என்பதால் போகவும் இல்லை.

இரண்டு மணித்தியாலம் எதைப் பேசுவது? மழை, கங்காணி, கொழுந்து விலை எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. அடுத்தடுத்த வாரங்களில் வேறு வழி இல்லாமல் உண்மையைப் பேசினோம். மகள் வெளிநாட்டிலிருந்து போனில் அழுகிற நாட்களை அவர் சொன்னார். தம்பியின் கிட்னியை வாங்கிக்கொள்ள எனக்குள் இருக்கும் கூச்சத்தை நான் சொன்னேன். அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. “கொடுக்கிறவனுக்கு இருக்கிற சந்தோசத்த நீ ஏன் கெடுக்கிற?” என்றார். பிரிட்ஜில் இடம் கொடுத்தவர் சொன்னதால் கேட்டுக்கொண்டேன்.

ஒரு வெள்ளி பேச்சில் கோழியும் வந்தது.

“அந்தக் கோழி என் கோழியே இல்ல புள்ள. மேல் லயத்துக் கோழி.”

“அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீ எங்க பேச விட்ட?”

அது நியாயம்தான். அன்று தேத்தண்ணி நேரம் தாண்டியும் இருவரும் எழும்பவில்லை.

இரத்தம் மெல்ல மெல்ல ஏறியது. அவசரப்பட்டு ஏறக் கூடாதாம், அப்படித்தான் ஏற வேண்டுமாம். பெரட்டுப் படியில் காட்சி பார்ப்பதை நிறுத்தினேன். வெல்லவாய எப்படி இருக்கிறது என்று கேலி பண்ணியவர்களுக்கு, நேரம் இல்லை என்றேன். தம்பியின் சோதனைகளும் பொருந்தி வந்தன. வெளி இரத்தம் ஒரு சொட்டும் ஏறாத உடம்போடு இப்போது ஒப்பரேஷன் திகதிக்காகக் காத்திருக்கிறேன். டொக்டர், மிஸ், தம்பி, மருந்து செய்தவர்கள் என்று கையெடுத்துக் கும்பிட எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், குங்குமப் பொட்டு வைத்த ஒரு பிரிட்ஜ் இருக்கிறது.

போன கிளினிக்கில் டொக்டர் ஒரு மாற்றம் செய்தார். ஒப்பரேஷனுக்கு முன்னால் இரும்பு இருப்பை நன்றாக நிரப்ப வேண்டும் என்று, அதை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். அரிப்பு வருகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று மிஸ் பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்க வைத்தார். வழக்கம்போல அக்கா என் கால்மாட்டில் பெஞ்சில் இருந்தார். கிளம்பும்போது மிஸ் எங்கள் இருவரிடமும் சொன்னார்.

“வாரா வாரம் ஊசி அப்படியேதான். மாத்திரை மட்டும் இனி வேணாம். தேத்தண்ணியை எப்ப வேணும்னாலும் குடிங்க.”

அக்கா நன்றாகக் கேட்டார். தலைகூட ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னால் தட்டோடு வந்தார். ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துப் போட்டேன். போத்தலில் போட்டு மூடினேன். விழுங்க மாத்திரை இல்லை. இனி அவரைக் காக்க வைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் கேத்தலை வைக்க எழுந்தேன்.

அக்கா பாயில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இன்னும் நேரம் ஆகலயே. உக்காரு புள்ள” என்றார்.

உட்கார்ந்தேன்.